பயன்படுத்தாத கேம் கீகள்: ஒரு சேகரிப்பை ஒழுங்குபடுத்திய விதம்

ஸ்டீம் என்பது கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடை; அதில் ஒரு விளையாட்டைத் தன் கணக்கில் சேர்க்கப் போடும் குறியீடுதான் கீ. ஸ்டீம் கீ பார்வைக்கு ரொம்பச் சாதாரணமானது. ஐந்தைந்தாக மூன்று தொகுதி, இடையில் சிறுகோடு, மொத்தம் 15 எழுத்துகளும் எண்களும். யார் முதலில் தன் கணக்கில் போடுகிறாரோ, விளையாட்டு அவருக்கு. காசு கொடுத்தவர் யார் என்று அது கேட்காது. போட்டு முடித்த கீயும் இன்னும் போடாத கீயும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கீ சேர்த்து வைப்பவர்களுக்கு வரும் தொல்லைகளில் பாதி இந்தக் கடைசி விஷயத்திலிருந்துதான் கிளம்புகிறது.

கோயம்புத்தூரில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இப்படிப்பட்ட கீகள் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்ந்திருந்தன. என்னைவிட வயதில் இளையவர், மென்பொருள் வேலையில் இருக்கிறார். அவற்றை ஒழுங்குபடுத்தும் வேலையில் கூடவே இருந்தேன். பெயர் போடாமல் எழுதச் சம்மதித்தார். என்ன நிலையில் இருந்தது, எதை எந்த வரிசையில் செய்தோம், எது இன்னும் தீரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வீட்டில் இப்படி ஒரு குவியல் வைத்திருக்கும் யாருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

குவியல் எப்படிச் சேர்ந்தது

2010 மே மாதத்தில், சிறு குழுக்கள் செய்த (இண்டி) விளையாட்டுகளை ஒரே தொகுப்பாக விற்கும் முதலாவது ஹம்பிள் இண்டி பண்டில் வந்தது. வேர்ல்ட் ஆஃப் கூ, அக்வேரியா, கிஷ், லுகாரு, பெனும்ப்ரா: ஓவர்ச்சர் என்று நல்ல விளையாட்டுகள், விலை வாங்குபவரின் விருப்பம். பத்து லட்சம் டாலருக்கு மேல் வசூலானது. அதைப் பார்த்து இண்டி ராயல், பண்டில் ஸ்டார்ஸ், இண்டிகாலா என்று கடைகள் வரிசையாக முளைத்தன. ஸ்டீம் கீகளை உருவாக்க, விளையாட்டைச் செய்யும் டெவலப்பரிடம் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் பணம் கேட்பதில்லை. வெளிக்கடையில் விற்கும் கீயில் பங்கும் எடுப்பதில்லை. அதனால் ஒரு விளையாட்டுக்காகப் பண்டில் வாங்கினால் கூடவே ஐந்தாறு வேறு கீகளும் வந்து சேரும். அவற்றில் இரண்டு ஏற்கெனவே நம் ஸ்டீம் கணக்கின் லைப்ரரியில் இருக்கும். அந்த இரண்டும் அப்படியே மிச்சம்.

2015 அக்டோபரில் ஹம்பிள் மந்த்லி என்ற மாதச் சந்தா தொடங்கியது. அதன் பிறகு வாங்குகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் மாதாமாதம் கீகள் வந்தன. 2021 அக்டோபரில் அட்டையிலிருந்து தானாகப் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கி புது விதி கொண்டுவந்தபோது நண்பரின் சந்தா தன்னால் நின்றது. அவரும் அதை மீண்டும் தொடங்கவில்லை. குவியலின் பெரும்பகுதி அதற்குள் சேர்ந்துவிட்டிருந்தது.

இன்னொரு காரணத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். 2017 மே மாதத்துக்கு முன்பு ஸ்டீமிலேயே கிஃப்ட் காப்பி வாங்கி இன்வென்டரியில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். அந்த மாதம் வால்வ் அந்த வசதியை நிறுத்தி, வாங்கும்போதே நேராக ஒரு நண்பருக்கு அனுப்பும்படி மாற்றியது. அதற்குப் பிறகு ‘பிறகு யாருக்காவது தரலாம்’ என்று எடுத்து வைக்க மிஞ்சிய ஒரே பொருள் கீதான்.

கையில் எடுத்தபோது இருந்த நிலை

கீகள் இருந்த இடங்கள்: கடைகளின் ஆர்டர் பக்கங்கள், மூன்று மின்னஞ்சல் முகவரிகள், நோட்பேட் கோப்புகள், ஒரு கூகுள் ஷீட், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட ஸ்கிரீன்ஷாட்டுகள். அந்த ஸ்கிரீன்ஷாட்டுகள் ஃபோனிலிருந்து போட்டோ பேக்கப்புக்கும் போயிருந்தன. ஷீட்டோ, ‘இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்’ என்ற அமைப்பில் இருந்தது. மற்றவர்களோடு கீகளை மாற்றிக்கொண்டு டிரேட் செய்த காலத்தில் யாருக்கோ காட்டுவதற்காக அப்படி வைத்ததாம்.

வேலையைத் தொடங்க வைத்தது ஒரு பிறந்தநாள். அக்கா மகனுக்கு ஒரு கீயை அனுப்பியிருக்கிறார். பையன் போட்டுப் பார்த்துவிட்டு, “மாமா, இது வேற யாரோ ஆக்டிவேட் பண்ணிட்டாங்கன்னு வருது” என்று திருப்பி அனுப்பினான். பழைய மின்னஞ்சல்களைத் துழாவியபோது, பல வருடம் முன்பு அந்தக் கீயை இன்னொருவருக்கு டிரேட் செய்திருப்பது தெரிந்தது. ஷீட்டில் அதற்கான குறிப்பு இல்லை. “ஒரு கீ இப்படின்னா மத்ததெல்லாம் எப்படிங்ணா நம்பறது?” என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

வாங்குபவர் கையில் இருக்கும் கீ செல்லுமா என்று பார்க்க ஸ்டீம் தனியாக ஒரு வசதி தருவதில்லை. அந்த வசதி டெவலப்பருக்கு மட்டும் உண்டு. நமக்குப் போட்டுப் பார்ப்பதுதான் வழி, போட்டால் தீர்ந்துவிடும். ஆகவே ஒரு கீயை நம்ப வேண்டுமென்றால் அதன் வரலாறு வேண்டும். எங்கே வாங்கியது, எப்போது, யார் கண்ணில் பட்டது, யாருக்குக் கொடுத்தது. இந்த நாலு விவரமும் இல்லாத கீ, கீ மாதிரி இருக்கும் ஒரு எழுத்து வரிசை, அவ்வளவுதான். நாங்கள் செய்த வேலை முழுக்க இந்த வரலாற்றைத் திரும்பக் கட்டுவதுதான். ஸ்ப்ரெட்ஷீட், மென்பொருள், என்க்ரிப்ஷன் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

முதலில் உறையவைத்தல்

முதல் முடிவு: கணக்கு முடியும்வரை யாருக்கும் கீ தரக்கூடாது, எதையும் ரிடீம் செய்யக்கூடாது, அதாவது ஸ்டீமில் போடக்கூடாது. ஷீட்டின் பகிர்வை அன்றே மூடினோம். பிறகு எல்லா இடங்களிலிருந்தும் ஒரே கோப்புக்குக் கொண்டுவந்தோம். வந்த இடத்தின் பெயரையும் கூடவே எழுதினோம். ஒரே கீ இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டோம். நீக்குவதை அந்தக் கட்டத்தில் செய்யவில்லை.

இங்கே எக்செல் ஒரு குழி வைத்திருக்கிறது. சிறுகோடு இல்லாமல் எழுதிய குறியீட்டில் எல்லாம் எண்களாக இருந்து நடுவில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து மட்டும் வந்தால், எக்செல் அதை அறிவியல் முறை எண்ணாக நினைத்து மாற்றிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். சேமித்து மூடிவிட்டால் பழைய எழுத்துகள் திரும்ப வராது. கீ ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் வகைக்கு மாற்றிவிட வேண்டும். நண்பரின் பழைய ஷீட்டில் இப்படிச் சிதைந்த சில இருந்தன. மூல மின்னஞ்சல் இருந்தவற்றை மீட்டோம், மற்றவை போயின. ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து தட்டெழுதும்போது பூஜ்யமும் ‘ஓ’வும், எட்டும் ‘பி’யும் மாறுவது தனித் தொல்லை. அதற்கு ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எந்தத் தளத்துக்கான கீ என்ற குறிப்பு இல்லாதவையும் நிறைய. அதற்குக் குறியீட்டின் வடிவமே துப்பு. மூன்று ஐந்து என்றால் பெரும்பாலும் ஸ்டீம். ஐந்து ஐந்து, அதாவது 25 என்றால் மைக்ரோசாஃப்ட். நான்கு நான்காக மூன்று தொகுதி பிளேஸ்டேஷன். 16 எழுத்து நின்டெண்டோ. இது தோராயம்தான், ஆனால் முதல் கட்டமாகப் பிரிக்கப் போதும்.

பெயரை விட்டு எண்ணைப் பிடித்தல்

டூப்ளிகேட் களைய விளையாட்டின் பெயரை நம்பினால் ஆகாது. ஒரே விளையாட்டை ஒரு கடை முழுப்பெயரில் எழுதும், இன்னொன்று சுருக்கும், மூன்றாவது ‘கோல்டு எடிஷன்’ என்று ஒட்டுப்போடும். ஸ்டீம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆப் ஐடி வைத்திருக்கிறது. கடைப் பக்கத்தின் முகவரியிலேயே தெரியும். ஹாஃப்-லைஃப் 2 என்றால் 220. போர்ட்டல் 400, போர்ட்டல் 2 என்றால் 620. கேட்டால் ஒன்றாகத் தோன்றுபவை இங்கே பிரிந்து நிற்கும்: மெட்ரோ 2033 வேறு (43110), அதன் ரீடக்ஸ் பதிப்பு வேறு (286690). முதலாவது லைப்ரரியில் இருப்பதால் இரண்டாவதின் கீயைத் தானம் செய்துவிடக் கூடாது.

ஸ்கைரிம் இதைவிட முக்கியமான பாடம். பழைய ஸ்கைரிம் 72850, ஸ்பெஷல் எடிஷன் 489830. 2016 அக்டோபர் 28 அன்று ஸ்பெஷல் எடிஷன் வந்தபோது, பழைய விளையாட்டை எல்லா டிஎல்சியோடும் (தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்) ஸ்டீம் கணக்கில் வைத்திருந்தவர்களுக்கு அது இலவசமாகச் சேர்ந்தது. இவை எல்லாம் அடங்கிய லெஜண்டரி எடிஷன் கீயைப் போடாமல் பத்திரமாக வைத்திருந்தவருக்குச் சேரவில்லை. கீயாக வைத்திருப்பதில் நஷ்டமே இல்லை என்று நண்பர் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார். அவரிடமே அப்படி ஒரு கீ இருந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆலன் வேக் 2017 மே மாதம் பாடல் உரிமம் முடிந்ததால் கடையிலிருந்து இறங்கி, அடுத்த வருடம் அக்டோபரில்தான் திரும்பியது. விற்பனை நின்ற பல விளையாட்டுகளின் கீகளை ஸ்டீம் பின்னாலும் ஏற்கிறது. அப்படிப்பட்ட கீகளுக்கு ஒரு தனிக் குறி போட்டோம், ஏனென்றால் தவறவிட்டால் காசு கொடுத்தும் நேராக வாங்க முடியாது.

மறைந்திருப்பது, காட்டப்பட்டது, போடப்பட்டது

ரொம்ப நேரம் எடுத்த பகுதி இதுதான். பண்டில் கடைகளில் கீ முதலில் மூடியிருக்கும். பொத்தானை அழுத்தினால்தான் எழுத்துகள் தெரியும். ஹம்பிள் தளத்தில் கீகள் பட்டியலில் ‘ரிடீம் ஆனவற்றை மறை’ என்று ஒரு தேர்வு உண்டு. அதை நம்பி, மறைந்துபோனதெல்லாம் பயன்படுத்தியவை என்று நண்பர் நினைத்திருந்தார். கடைக்குத் தெரிந்தது, பொத்தானை அழுத்தினீர்களா இல்லையா என்பது மட்டும். அந்தக் கீயை நீங்கள் ஸ்டீமில் போட்டீர்களா, நோட்பேடில் ஒட்டி வைத்தீர்களா என்று அதற்குத் தெரியாது. ஆகவே மூன்று நிலைகளைப் பிரித்தோம்: மூடியவை, திறந்து பார்த்தவை, போட்டு முடித்தவை. சிக்கல் முழுக்க நடுவில் இருந்தவற்றில்தான்.

அவற்றைத் தீர்க்க ஸ்டீமிலேயே ஒரு பக்கம் இருக்கிறது, பலர் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். கணக்கு விவரத்துக்குள் போனால் ‘உரிமங்களும் ப்ராடக்ட் கீ ஆக்டிவேஷன்களும்’ என்ற இணைப்பு. ஒவ்வொரு விளையாட்டும் கணக்கில் சேர்ந்த தேதி, பெயர், எந்த வழியில் சேர்ந்தது என்பது வரிசையாக வரும். கடையில் வாங்கியது ‘ஸ்டீம் ஸ்டோர்’ என்றும், பரிசாக வந்தது கிஃப்ட் என்றும், கீ போட்டுச் சேர்ந்தது ‘ரீட்டெய்ல்’ என்றும் இருக்கும். கீ எழுத்துகள் அங்கே வராது. ஆனால் தேதி போதும்.

ஒரு வரியை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். 2014 கோடையில் வாங்கிய பண்டில் ஒன்றில் ஒரு விளையாட்டின் கீ, திறந்து பார்த்த நிலையில். உரிமப் பக்கத்தில் அதே விளையாட்டு இருக்கிறது. வழி ‘ரீட்டெய்ல்’ என்று இருந்து, தேதி பண்டில் வாங்கிய மறுநாள் என்றால், கீ தீர்ந்தது. வழி ‘ஸ்டீம் ஸ்டோர்’ என்று இருந்து, தேதி முந்தைய வருடக் குளிர்கால சேல் என்றால், விளையாட்டு ஏற்கெனவே இருந்திருக்கிறது. பண்டில் கீ மிச்சம், யாருக்கும் கொடுத்ததாகத் தடயம் இல்லாவிட்டால் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். ‘ரீட்டெய்ல்’ என்று இருந்து தேதி பண்டிலுக்கு முந்தியது என்றால், வேறொரு பண்டிலின் கீயால் சேர்ந்தது. இப்படித் தேதியோடு தேதி பொருத்தியே நடுக்குவியலில் பெரும்பகுதி தீர்ந்தது. அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு கீயைக்கூட எரிக்காமல் கிடைக்கும் ஆதாரம் இது ஒன்றே.

அப்படியும் தீராதவற்றுக்கு, டிரேட் செய்பவர்கள் கையாளும் ஒரு முறை. அந்த விளையாட்டு ஏற்கெனவே இருக்கும் கணக்கில் கீயைப் போட வேண்டும். கீ புதிதாக இருந்தால் ‘இந்தக் கணக்கில் இது ஏற்கெனவே உள்ளது’ என்று ஸ்டீம் மறுத்துவிடும், கீ அப்படியே மிஞ்சும். வேறொருவர் போட்டு முடித்ததாக இருந்தால் ‘வேறொரு கணக்கில் ஆக்டிவேட் ஆகிவிட்டது’ என்று வரும்.  இரண்டு எச்சரிக்கைகள். கீக்குள் விளையாட்டோடு நம்மிடம் இல்லாத ஒரு டிஎல்சியோ கூடுதல் பாகமோ இருந்தால், ஸ்டீம் அதைச் சேர்த்துக்கொண்டு கீயைத் தீர்த்துவிடும். அப்புறம், மறுப்புகள் சுமார் பத்து ஆனால் ‘நிறைய முயற்சிகள், பிறகு வாருங்கள்’ என்று ஒரு மணி நேரம் போலப் பூட்டு விழும். அவசரப்பட்டு வரிசையாகப் போட்டால் நடுவில் எந்தக் கீக்கு என்ன பதில் வந்தது என்ற குழப்பமும் சேரும். ஒவ்வொரு பதிலையும் எழுதிய பிறகே அடுத்தது என்று வைத்துக்கொண்டோம்.

செத்தவை

சில கீகளுக்கு எந்த மருந்தும் இல்லை. டெசுரா என்ற தளத்தின் கீகள் ஒரு கொத்து இருந்தன. 2013-ல் லிண்டன் லேப் அதை வாங்கியது, மறு ஆண்டு பேட் ஜுஜு கைக்குப் போனது, 2015 ஜூனில் அந்த நிறுவனம் திவால். மைக்ரோசாஃப்டின் கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் கடை 2013 ஆகஸ்டில் மூடியது. நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ விளையாட்டுக் கருவிகளின் கடைகளை 2023 மார்ச் 27 அன்று மூடியபோது டவுன்லோட் கோடுகளுக்கு மட்டும் ஏப்ரல் 3 வரை அவகாசம் தந்தது. அந்த ஒரு வாரத்தைத் தவறவிட்ட கோடுகள் வெறும் எழுத்துகள். யூபிசாஃப்டின் தி க்ரூ விளையாட்டுக்கு 2024 மார்ச் 31 அன்று சர்வர் நிறுத்தப்பட்டது. எப்போதும் இணையம் தேவைப்படும் விளையாட்டு அது. கீ இருந்தும் ஓட இடமில்லை.

செத்தவற்றையும் கணக்கிலிருந்து நீக்காமல் நிலையை மட்டும் மாற்றினோம். நீக்கிவிட்டால், பின்னால் ஏதோ ஒரு பழைய கோப்பில் அதே கீ கிடைக்கும்போது புதையல் மாதிரி திரும்பச் சேர்த்துக்கொள்வோம். பழையது என்பதாலேயே எல்லாம் செத்தது என்றும் முடிவு கட்ட முடியாது. 1998-ல் வந்த ஹாஃப்-லைஃப் பெட்டியில் இருந்த 13 இலக்க சிடி கீயை ஸ்டீம் ஏற்றுக்கொள்கிறது. அந்த டிஸ்க் உறை யாரிடமாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.

எங்கிருந்து வந்தது என்பதற்கு ஏன் இத்தனை அழுத்தம்

திருட்டு அட்டையில் வாங்கி மறுவிற்பனைச் சந்தையில் தள்ளிய கீகளை நிறுவனங்கள் ரத்து செய்வது பலமுறை நடந்திருக்கிறது. 2013-ல் நேச்சுரல் செலக்ஷன் 2 விளையாட்டை உருவாக்கியவர்கள் 1,341 கீகளை முடக்கினார்கள். 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் ஃபார் க்ரை 4 உள்ளிட்டவற்றின் கீகளை முடக்கியது. ஏற்கெனவே ஆக்டிவேட் செய்து விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் பிறகு திருப்பிக் கொடுத்தது. ஃபேக்டோரியோவைச் செய்யும் வூபே நிறுவனத்துக்கு ஜி2ஏ என்ற மறுவிற்பனைச் சந்தை 2020-ல் 39,600 டாலர் கொடுத்தது, திருட்டுக் கீகள் 198 தன் சந்தையில் விற்றது உறுதியானதால்.

ஆகவே மூலம் என்ற நெடுவரிசையில் மூன்றே வகை: நேராகக் கடையில் வாங்கியது, தெரிந்தவர் கொடுத்தது, தெரியாதவரிடம் டிரேட்டில் வந்தது. மூன்றாவது வகையை யாருக்கும் பரிசாகத் தருவதில்லை என்று நண்பர் முடிவெடுத்தார். நானும் அதைத்தான் சொன்னேன். பின்னால் ரத்தானால் பாதிப்பு பரிசு பெற்றவருக்கு. தன் லைப்ரரியிலிருந்து விளையாட்டு ஏன் போனது என்றுகூட அவருக்குத் தெரியாது.

திறந்து வைப்பதா, மூடியே வைப்பதா

இதில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. மூடியே வைத்தால் கடையிலிருந்து கிஃப்ட் லிங்க்காக அனுப்பலாம். கீயை யாரும் பார்க்கவில்லை என்பதற்குக் கடையே சாட்சி. திறந்துவிட்டால் அந்த வழி அடைபடும். ஆனால் கடை மூடினால் உள்ளே இருக்கும் கீயும் போச்சு. தவிர, ஹம்பிள் மந்த்லிக்குப் பிறகு வந்த ஹம்பிள் சாய்ஸ் போன்றவற்றில் பல கீகளுக்கு ‘இந்தத் தேதிக்குள் ரிடீம் செய்யவும்’ என்ற கெடு இருக்கிறது. அமேசானின் பிரைம் கேமிங் தந்த, ஜிஓஜி என்ற கடைக்கான கோடுகளுக்கும் அப்படியே.

நண்பர் எல்லாவற்றையும் திறந்து தன்னிடமே வைத்துக்கொள்ள நினைத்தார். நான் மறுத்தேன். மூடிய கீக்கு இருக்கும் பெரிய பலம் அதன் சுத்தமான வரலாறு. அதை ஒரே நாளில் ஆயிரம் தடவை அழிக்க வேண்டியதில்லை. கடைசியில் கடையைப் பொறுத்து என்று ஒப்புக்கொண்டோம். இன்றும் வியாபாரம் நடக்கும் கடையில், கெடு இல்லாத கீ மூடியே இருக்கட்டும். எங்கள் ஷீட்டில் ஆர்டர் எண்ணும் பண்டில் பெயரும் மட்டும். புதிதாக எதுவும் விற்காமல் பக்கம் மட்டும் திறந்திருக்கும் கடைகளிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். கெடு இருப்பவை தனி வரிசை. அவற்றில் தான் விளையாடப்போவதை உடனே போட்டுவிட வேண்டும், மற்றதைக் கெடுவுக்கு முன் கொடுத்துவிட வேண்டும்.

வைக்கும் இடம்

கீயையும் கணக்கையும் பிரித்தோம். கணக்கு ஒரு சாதாரண ஸ்ப்ரெட்ஷீட்: வரிசை எண், பெயர், ஆப் ஐடி, தளம், மூலம், வந்த தேதி, கெடு, நிலை, யாருக்கு, எப்போது, குறிப்பு. கீ அதில் கிடையாது. அதனால் அதை ஃபோனில் வைத்துப் பார்க்கலாம், அக்கா மகனிடமே காட்டி ‘எது வேணும்’ என்று கேட்கலாம். கீகள் கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்ட் மேனேஜர் கோப்பில். தலைப்பு இடத்தில் ஷீட்டின் வரிசை எண், பாஸ்வேர்ட் இடத்தில் கீ. சிஎஸ்வி (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும்) கோப்பிலிருந்து மொத்தமாக உள்ளே எடுக்க முடிவதால் கையால் தட்ட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் காலாவதித் தேதி போடும் வசதி அதில் இருக்கிறது. கெடுக் கீகளுக்கு அதையே பயன்படுத்தினோம். உள்ளே எடுத்து முடித்ததும் சிஎஸ்வி கோப்பை அழிக்க மறக்கக் கூடாது, அது பூட்டில்லாத முழுப் பட்டியல்.

கிளிப்போர்டையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-ல் 2018 இறுதியிலிருந்து கிளிப்போர்டு வரலாறு வைக்கும் வசதி இருக்கிறது. இயக்கியிருந்தால் நாம் காப்பி செய்த கீகள் அங்கே வரிசையாகக் கிடக்கும். நண்பரின் கணினியில் இயக்கத்தில் இருந்தது, நிறுத்தினோம். கீபாஸ்எக்ஸ்சி தான் காப்பி செய்ததைச் சில நொடிகளில் தானே துடைத்துவிடும்.

கோப்பின் நகல்கள்: மடிக்கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, என்க்ரிப்ட் ஆன நிலையிலேயே கிளவுடில் ஒன்று. மாஸ்டர் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, ஒட்டிய உறையில் அக்கா வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். ஸ்டீம் கணக்கை இன்னொருவருக்கு மாற்றித்தர ஸ்டீமின் ஒப்பந்தம் இடம் தருவதில்லை. போடாத கீ அப்படியல்ல, யார் கைக்கும் போகலாம். தனக்கு ஏதாவது ஆனால் குடும்பத்தில் ஒருவர் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது இந்தக் கோப்பு மட்டும்தான் என்பதை நண்பர் யோசித்தே அந்த உறையை வைத்தார்.

இப்போது இருக்கும் நிலை

பழைய நோட்பேட் கோப்புகளும் ஸ்கிரீன்ஷாட்டுகளும் அழிக்கப்பட்டுவிட்டன. குவியல் வெகுவாகக் குறைந்திருக்கிறது: நிறையத் தீர்ந்தவை என்று தெரிந்தது, விளையாட ஆசைப்பட்டவற்றைப் போட்டுவிட்டார், கணிசமானவை நண்பர்களுக்கும் அக்கா மகனின் கூட்டாளிகளுக்கும் போயின. விற்கவில்லை, பண்டில் கடைகளின் நிபந்தனைகள் மறுவிற்பனையைத் தடுக்கின்றன, பரிசளிப்பதைத் தடுக்கவில்லை. கொடுக்கும்போது ஒரு நடைமுறை வைத்திருக்கிறார். முதலில் ஷீட்டில் ‘யாருக்கு’ என்று எழுதுவார், பிறகுதான் கீயைக் காப்பி செய்வார். வாங்கியவர் போட்டுவிட்டேன் என்று சொன்னதும் நிலை மாறும். ஒரு வாரமாகியும் பதில் இல்லையென்றால் விசாரிப்பார்.

தீராமல் நிற்பது ஒரு வகை. ஆரம்பகால ஹம்பிள் பண்டில்களில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்டீம் கீ. ஒரு கீ, ஐந்தாறு ஆப் ஐடி. ஷீட்டில் ஒரு வரிக்கு ஒரு விளையாட்டு என்ற அமைப்பு இதற்கு ஒத்துவராததால், ஒரே வரிசை எண்ணைப் பல வரிகளில் போட்டுச் சமாளித்திருக்கிறோம். யாருக்குக் கொடுப்பது என்பது அதைவிடச் சிரமம். அதில் உள்ள மூன்று விளையாட்டு ஏற்கெனவே இருக்கும் ஒருவர் போட்டால் மற்ற இரண்டு மட்டும் சேரும், மூன்றும் வீண். நண்பருக்கே அவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன. எதுவுமே இல்லாத, புதிதாகக் கணக்கு தொடங்கும் ஒருவருக்குத்தான் அவை முழுதாகப் பயன்படும். அக்கா மகனின் வகுப்பில் ஒரு பையன் புதிதாகக் கணினி வாங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் கணக்கு தொடங்கும்வரை அந்த வரிகளின் நிலை ‘நிறுத்தி வைத்தது’ என்று இருக்கும்.